அபேக்கே தன் புத்தகத்தையே திருடியது

அபேக்கேயின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்கியவர்கள் இபாதான் நகரத்தில் மிகக் குறைவு. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செருப்பு தைப்பவரின் குடைக்கும் நடுவில் அவளுடைய டைப்பிங் கடை. இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஆய்வேடுகளின் ஓரம் வெட்டக் கைப்பிடி வைத்த ஒரு கட்டர், வாசலில் இருமிக்கொண்டே ஓடும் ஜெனரேட்டர். சுவரில் அவள் கையால் எழுதிய அறிவிப்பு: 'அவசர வேலைக்கு அவசர விலை. அழுகைக்குத் தள்ளுபடி கிடையாது.'

இருபத்திரண்டு வருடமாக ஊரார் எழுதியதையெல்லாம் அவள்தான் டைப் அடித்தாள். முனைவர் பட்ட ஆய்வு, போதகரின் பிரசங்கம், ஓய்வுபெற்ற காவல் அதிகாரியின் சுயசரிதை, இவற்றோடு நாவல்கள், நூற்றுக்கும் மேல். நாவல் எழுதியவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க கதாநாயகி போன அத்தியாயத்துல செத்துட்டா, இப்போ சமைக்கிறா, எது நிஜம்?" என்று கேட்பாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போனவர்கள் திரும்பியும் வந்தார்கள், ஏனென்றால் அவளைப் போல் பிழையில்லாமல் அடிக்க அந்தப் பக்கம் வேறு ஆள் கிடையாது.

இந்த ஊரில் ஒருவன் எழுத்தாளன் ஆவது எப்படி என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். டைப் அடித்ததை எடுத்துக்கொண்டு மொக்கோலாவுக்குப் போக வேண்டும். அங்கே தெருவுக்கு இருபது அச்சகம். கைக்காசு போட்டு அச்சடிக்க வேண்டும். பிறகு வெளியீட்டு விழாவுக்கு ஒரு பெரிய மனிதரைப் பிடிக்க வேண்டும். அவருடைய புகைப்படம் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பக்கம் முழுக்க, எழுதியவன் பெயரைவிடப் பெரிதாக வர வேண்டும். விழாவன்று அவர் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார், எல்லோரும் கை தட்டுவார்கள், சோறு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தூக்கிக் காட்டியவரும் படிக்க மாட்டார், கை தட்டியவர்களும் படிக்க மாட்டார்கள். அதன் பிறகு எழுதியவன் மிச்சப் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைவான். இதை அபேக்கே நூறு தடவை பார்த்திருக்கிறாள், நூறு தடவையும் வயிறு எரிந்திருக்கிறாள்.

அவள் எழுத வந்தது ரஷிதாத் அம்மாவால். போடிஜா சந்தையில் மிளகாய் அரைக்கும் பெண்களின் வரிசை ஒன்று உண்டு, ஆளுக்கொரு மோட்டார், இருபத்தேழு பேர். அந்த வரிசைக்குத் தலைவி மாதிரி இருந்தவள் ரஷிதாத் அம்மா. வயது அறுபது. பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்து, மோட்டார் ஓடாத நேரத்தில் செய்தித்தாளை மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவள். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. அரவை இயந்திரம் எடுத்துக்கொண்டது. விரல் போன மறுவாரமே மோட்டாரின் முதலாளி அவளை வெளியே அனுப்பியதும், மிச்சம் இருபத்தாறு பேரும் மூன்று நாள் மோட்டாரை நிறுத்தி நகரத்தின் குழம்புச் சட்டிகளையெல்லாம் காயவைத்து அவளைத் திரும்ப உட்காரவைத்ததும் பழைய கதை. அபேக்கே வாரா வாரம் மிளகாய் அரைக்கப் போகும்போதெல்லாம் அதைத் துண்டு துண்டாகக் கேட்டாள். ஒரு நாள் ரஷிதாத் அம்மாவே அலுத்துப்போய்ச் சொன்னாள்.

"ஏ டைப்பிஸ்ட், என் வாயக் கிளறினது போதும். ஊர்ல உள்ளவன் குப்பையெல்லாம் அடிச்சுக் குடுக்கிறியே, இத அடி. ஆனா ஒண்ணு. புஸ்தகமா வந்தா எனக்கு மட்டும் ஒண்ணக் குடுத்துட்டு நழுவலாம்னு நெனைக்காதே. இருபத்தேழு பேர் கதை இது. இருபத்தேழு புஸ்தகம், உன் கையால, இந்த எடத்துல வெச்சு."

அபேக்கே சரி என்றாள். அவள் சாதாரணமாக யாருக்கும் வாக்குக் கொடுக்கிறவள் அல்ல.

நாலு வருடத்தில் 'மூன்று விரல்காரி' எழுதி முடிந்தது. முதலில் அவள் போனது மொக்கோலாவில் சீஃப் பொப்பூலாவிடம். அச்சகமும் அவர்தான், பதிப்பகமும் அவர்தான். விழாவுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். இருபது வருடமாக அவருக்கு டைப் அடித்துக் கொடுப்பவள் என்பதால் படித்தே பார்த்தார். படித்துவிட்டு, இமாமின் தம்பி மிளகாய்க்காரப் பெண்ணை ஏமாற்றுகிற அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார், போதகரின் குடிப்பழக்கத்தையும் எடுத்துவிடச் சொன்னார். இரண்டும் இருந்தால் பள்ளிகள் வாங்குகிற புத்தகப் பட்டியலில் ஏறாது, பட்டியலில் ஏறாத புத்தகத்தை இந்த நாட்டில் நாய்கூட முகர்ந்து பார்க்காது என்றார். முதல் பக்கத்துக்கு மாண்புமிகுவின் படம் வேண்டும் என்றார். மாண்புமிகு என்பது அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவருக்குப் பெயர் உண்டு, யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

"மிளகாய் அரைக்கிற பொம்பளைங்க கதையில அந்த ஆளு மூஞ்சி எதுக்கு?" என்று அபேக்கே கேட்டாள்.

"மூஞ்சி இல்லாம புஸ்தகம் எப்படிம்மா நிக்கும்?" என்றார் பொப்பூலா, உண்மையாகவே புரியாதவர் போல.

அவள் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடையில் டைப் அடிக்க வந்த ஒரு விரிவுரையாளர், எழுதுபவர்களுக்குப் பதிப்பகம் பிடித்துத் தருகிற லண்டன் முகவர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தார். மிரட்டிக் கேட்டு வாங்கினாள் என்பதுதான் உண்மை. பத்து மாதம் கழித்து லண்டன் பதிப்பகம் ஒன்று நாவலை எடுத்துக்கொண்டது. அங்கே எழுதுபவர் ஒரு காசு போட வேண்டாம், அவர்களே முன்பணம் தருவார்கள், அச்சடிப்பார்கள், விற்பார்கள். யாருடைய மூஞ்சியும் வேண்டாம். அபேக்கே ஒரு வாரம் எதிரே வந்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசினாள், தெருவில் பயந்துபோனார்கள்.

ஒப்பந்தத்தை அவள் மூன்று முறை படித்தாள். ஒன்பதாம் பத்தியில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்து எழுதினாள், அவர்கள் நன்றி சொன்னார்கள். உலகம் முழுவதற்குமான பதிப்புரிமை அவர்களுக்கே என்ற வரியையும் படித்தாள். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. உலகம் முழுக்க அவர்கள் விற்றுக்கொள்ளட்டும், அதற்கென்ன. இபாதானில் எழுதியவள் தன் புத்தகத்தை எந்த அச்சகத்துக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் யாரையும் கேட்டதில்லை, கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அப்படியொரு ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வரி தன் கையைக் கட்டுகிறது என்று எப்படித் தெரியும்?

லண்டனில் ஹாரியட் என்ற எடிட்டர் அவளுக்கு வாய்த்தாள். நல்ல பெண்தான், அதுதான் இன்னும் எரிச்சல். பொப்பூலா எடு எடு என்றார், ஹாரியட் சேர் சேர் என்றாள். பக்க ஓரத்தில் நூற்று நாற்பது குறிப்பு. இது என்ன உணவு, இது என்ன உடை, இந்த அம்மாவை ஏன் மகளின் பெயரால் அழைக்கிறார்கள், வாசகருக்குப் புரியுமா? எந்த வாசகருக்கு என்று அபேக்கே திருப்பிக் கேட்டாள். நூற்று முப்பத்தொன்பது குறிப்பை அடித்துத் திருப்பி அனுப்பினாள். ஒன்றில் மட்டும் இறங்கிப்போனாள். நாவலின் முதல் வரியே, அவள் கல்லுரலில் சாய்ந்து அமலா சாப்பிட்டாள் என்று இருந்தது. அமலா என்ன சாப்பாடு என்று சொல்லிவிடுங்கள், முதல் வரியிலேயே வாசகரை இழந்துவிட வேண்டாமே என்று ஹாரியட் கெஞ்சினாள், நான்கு முறை எழுதினாள். போய்த் தொலையட்டும், ஒரே ஒரு வரி என்று அபேக்கே விட்டுக்கொடுத்தாள். சண்டை போட்டுப் போட்டுக் களைத்துப்போனவர்கள் செய்கிற காரியம் அது.

புத்தகம் வந்தது. அட்டையில் சிவப்புச் சூரியன், அதற்கு முன்னால் குடை மாதிரி ஒற்றை மரம். அப்படியொரு மரத்தை இபாதானில் பிறந்த யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எழுதியவளுக்கென்று ஆறு பிரதி அனுப்பினார்கள். நாலு வழியிலேயே காணாமல் போனது. ஒன்றைச் சபையில் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்த போதகர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய குடிப்பழக்கம் எழுபதாம் பக்கத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, அவரும் படிக்கிறவர் இல்லை. மிச்சம் ஒன்று. லாகோஸில் ஒரு குளிரூட்டிய கடையில் புத்தகம் கிடைத்தது, அரை மூட்டை அரிசி விலைக்கு. மிளகாய் வரிசையில் யாரும் அரை மூட்டை அரிசியை மரத்தின் படத்துக்காகக் கொடுக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு அபேக்கேக்குச் சந்தைக்குப் போவதே தண்டனை ஆயிற்று. ரஷிதாத் அம்மா அவளைக் கண்டதும் பக்கத்து மோட்டார்க்காரியிடம் உரக்கப் பேசுவாள்.

"என் ரெண்டு வெரல் லண்டன்ல விக்குதாம்டி. வெள்ளைக்காரன் வாங்கிப் படிக்கிறானாம். எனக்குத்தான் காட்ட மாட்டேங்கிறாங்க. நான் பாத்தா வெரல் மறுபடி மொளைச்சுடுமோ என்னவோ."

எல்லோரும் சிரிப்பார்கள். அபேக்கே மிளகாயை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து வருவாள். ஊரையே வாயால் ஓட்டுகிறவள் அங்கே மட்டும் வாய் திறக்க மாட்டாள். ஏனென்றால் அந்த அம்மா சொன்னது நியாயம்.

லண்டனுக்கு எழுதினாள். உள்ளூரில் மலிவாக ஒரு பதிப்பு போட அனுமதி கேட்டாள். தகுந்த கூட்டாளியைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஹாரியட் எழுதினாள். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டாள், தேடிக்கொண்டே இருந்தார்கள். எட்டு மாதம் ஆனபோது அபேக்கேயின் பொறுமை, அது ஏற்கெனவே சின்னப் பொருள், தீர்ந்துபோனது. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தன் கணினியில் இருந்த பழைய பிரதியை, ஹாரியட் கைவைக்காத பிரதியை, எடுத்துக்கொண்டு மொக்கோலாவுக்குப் போனாள். பொப்பூலாவிடம்தான். அவரைவிட நன்றாக பைண்டிங் செய்பவர் இல்லை. கெஞ்சவில்லை, காசைக் கொடுத்துவிட்டு நூறு பிரதி என்றாள், எவன் மூஞ்சியும் வேண்டாம் என்றாள். எழுத்தின் அளவுக்கு மாதிரி வேண்டும் என்று அவர் கேட்டதால் தன்னிடம் இருந்த ஒற்றை லண்டன் பிரதியையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

நூறு பிரதி வந்தது. வெறும் மஞ்சள் அட்டை, தலைப்பு, அவள் பெயர், அவ்வளவுதான். முதல் வரியில் அந்தப் பெண் அமலா சாப்பிட்டாள், யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. சனிக்கிழமை சந்தையில் வைத்துக் கொடுப்பதாக ரஷிதாத் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினாள். வரிசையே அன்றைக்குப் புதுத்துணி உடுத்துவதென்று முடிவாயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அபேக்கேக்குச் சந்தோஷம். சந்தோஷத்தில் அவளுக்குப் பழக்கமில்லை. மஞ்சள் புத்தகக் கட்டுகளைக் கடை மேசையில் அடுக்கிப் படம் எடுத்து ஹாரியட்டுக்கு அனுப்பினாள். நூறு பிரதி நானே அச்சடித்துவிட்டேன், இனி நீங்கள் கூட்டாளியைத் தேடிச் சிரமப்பட வேண்டாம் என்று எழுதினாள். பாராட்டு வரும் என்று நினைத்தாள். இப்படியொரு கடிதத்தை லண்டனுக்கு எழுத இபாதான்காரி ஒருத்தியால்தான் முடியும்.

திங்கட்கிழமை பதில் வந்தது. ஹாரியட்டிடமிருந்து அல்ல, சட்டப் பிரிவிலிருந்து. தாங்கள் அச்சிட்டிருப்பது சட்டவிரோதமான திருட்டுப் பதிப்பு. ஒரு பிரதியும் யார் கைக்கும் போகக் கூடாது. நூறையும் அழித்து ஏழு நாளைக்குள் படம் அனுப்ப வேண்டும். தவறினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நாவலைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுவோம். கடைசியில் அன்புடன் என்று போட்டிருந்தது.

அபேக்கே அதை இரண்டு முறை படித்தாள். திருட்டு என்ற சொல் இரண்டு முறையும் அங்கேயே இருந்தது. நாலு வருடம் எழுதியவள் திருடி. பிறகு, எதையும் கணக்காகச் செய்கிறவள் என்பதால், யோசித்தாள். நாவலைத் திரும்பப் பெற்றுவிட்டால் ரஷிதாத் அம்மாவின் கதை உலகத்தில் எங்கேயுமே இருக்காது. மஞ்சள் புத்தகம் நூறும் இருந்தால் நூறோடு முடிந்துபோகும். அழிப்பது என்று முடிவு செய்தாள். பெரிய கட்டிங் மெஷினில் போட்டால் நூறும் ஒரு நிமிடம், மனசு மாறுவதற்குள் முடிந்துவிடும் என்று ஒரு வாடகைக் காரில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பொப்பூலாவிடம் போனாள்.

அச்சகத்தில் கால் வைக்க இடமில்லை. தரையிலிருந்து ஜன்னல் வரை புத்தகக் கட்டு. ஒவ்வொன்றிலும் சிவப்புச் சூரியன், ஒவ்வொன்றிலும் அந்த மரம். அவள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். முதல் பக்கம் முழுக்க மாண்புமிகு, தொளதொளவென்ற வெள்ளை அக்பாடா அங்கியில், பல்லைக் காட்டிக்கொண்டு. கீழே, 'நம் தாய்மார்களுக்கு அன்புப் பரிசு'. மாதிரிக்கென்று வாங்கி வைத்துக்கொண்ட அவளுடைய ஒற்றைப் பிரதியை அப்படியே படம் பிடித்து மூவாயிரம் அடித்திருக்கிறார். தேர்தலுக்கு மூன்று மாதம் இருந்தது.

பொப்பூலா உள்ளேயிருந்து வேர்க்கடலை மென்றுகொண்டு வந்தார். அவளைப் பார்த்ததும் கொஞ்சம்கூட அசரவில்லை.

"என்கிட்ட மஞ்சள் அட்டையில அடிச்சு வாங்கிட்டுப் போனியே, அதயா மாண்புமிகு கையில குடுக்க முடியும்? லண்டன் அட்டை இருந்தாத்தான் மரியாதை. உனக்குத்தான்மா நல்லது. மூவாயிரம் பேர் படிக்கப் போறாங்க."

"இத எழுதினது நான். என்னையே திருடின்னு லெட்டர் போட்டிருக்கான்."

"உனக்குப் போட்டான். எனக்குப் போட்டானா?" பொப்பூலா கடலைத் தோலை ஊதினார். "நீ கையெழுத்துப் போட்டிருக்கே, உன்னப் பிடிப்பான். நான் எதுலயும் கையெழுத்துப் போடல. எனக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவான்?"

இருபத்திரண்டு வருடத்தில் அபேக்கே அவரை நீங்கள், ஐயா என்றே பேசியிருக்கிறாள். வயதில் மூத்தவரை ஒருமையில் பேசுவது அந்த ஊரில் அடிப்பதற்குச் சமம்.

"நீ ஒரு திருடன்," என்றாள். "உன் அப்பன் பேர இந்த வாசல்ல எழுதி வெச்சிருக்கே, அத அழிச்சுட்டு இத எழுதி வை."

வேலைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். பொப்பூலாவின் வாயில் கடலை அப்படியே நின்றது. அவள் கட்டுகளை மறுபடி காரில் ஏற்றினாள்.

கடைக்கு வந்ததும் லண்டனுக்கு எழுதினாள். இங்கே ஒருவன் மூவாயிரம் பிரதி திருட்டுத்தனமாக அச்சடித்திருக்கிறான், இதோ பெயர், இதோ தெரு, இதோ படம். மறுநாள் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, உங்கள் பிராந்தியத்தில் இது வருத்தத்துக்குரிய சவாலாகவே இருந்துவருகிறது, நிலைமையைக் கவனித்துவருவோம். தங்களிடம் உள்ள நூறு பிரதிகளைப் பொறுத்தவரை இன்னும் ஆறு நாட்கள் உள்ளன.

மூவாயிரத்துக்குக் கவனிப்பு, நூறுக்குக் கெடு. அபேக்கே அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். செருப்பு தைப்பவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் கடையைச் சாத்திவிட்டு, ஆய்வேடு வெட்டுகிற கைக் கட்டரில் வைத்து வெட்டினாள். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம்தான் போகும். ஐம்பது தடவை. வெட்டும்போது ஒவ்வொன்றும் தன் முதல் பக்கத்தைக் காட்டிக்கொண்டே விழுந்தது. இருபதாவது வெட்டில் அழுதாள், முப்பதாவதில் நிறுத்திவிட்டாள், பிறகு கை வலித்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பினாள். ஒத்துழைப்புக்கு நன்றி என்று அரை மணி நேரத்தில் பதில் வந்தது. எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு மட்டும் அவ்வளவு சுறுசுறுப்பு.

வியாழக்கிழமை சந்தைக்குப் போய் ரஷிதாத் அம்மாவிடம் அவளே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. மோட்டார்ச் சத்தத்தில் சில இடங்களில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா கேட்டுக்கொண்டே மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மூன்று விரல் கையைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"லண்டன்காரன் சொன்னான்னு வெட்டிட்டே."

"ஆமா."

"இந்த மெஷின் என் வெரலப் பிடிச்சப்போ நான் கைய இழுத்தேன்டி. ரெண்டு போச்சு, மூணு மிச்சம். நீ முழுக் கையையும் நீயே உள்ள குடுத்திருக்கே."

ரஷிதாத் அம்மா அடுத்த ஆளின் மிளகாய்க் கூடையை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. மாண்புமிகுவின் லாரி ஒலிபெருக்கியோடு போடிஜாவுக்குள் நுழைந்தது, மேலே புத்தகக் கட்டுகள், பக்கத்தில் அரிசிப் பொட்டலங்கள். கூட்டம் முண்டியடித்தது. அபேக்கேயும் போயிருந்தாள். எல்லோர் முன்னாலும் கத்த வேண்டும், திருட்டுப் புத்தகம் என்று கத்த வேண்டும், அதற்காகவே போனாள். வார்த்தைகளையெல்லாம் டைப் அடிக்கிற மாதிரி வரிசையாக வைத்திருந்தாள். கூட்டம் தள்ளித் தள்ளி அவளை லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. மாண்புமிகு குனிந்து ஒரு புத்தகத்தை அவள் கையில் திணித்தார்.

"படிங்கம்மா. நல்ல புத்தகம். நம்ம பெண்களுக்காகவே நான் எழுதச் சொன்னது."

"யார எழுதச் சொன்னீங்க?"

மாண்புமிகு புத்தகத்தைத் திருப்பி அட்டையில் பெயரைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பொப்பூலாவைப் பார்த்தார். பொப்பூலா அரிசிப் பொட்டலங்களைப் பார்த்தார்.

"லண்டன்ல இருக்கிற ஒரு அம்மா," என்றார் மாண்புமிகு, அடுத்த கைக்குப் புத்தகத்தை நீட்டிக்கொண்டே.

அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது மிளகாய் வரிசை தெரிந்தது. இருபத்தேழு பேரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. புதுத்துணி உடுத்தியிருந்தார்கள். யாரும் லாரிப் பக்கம் வரக் கூடாது என்று ரஷிதாத் அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். சந்தை முழுக்க அந்தப் புத்தகத்தைச் சும்மா வாங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கதைக்கு உரியவர்கள் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்தது அபேக்கேக்காக. திட்டினாலும் கேலி செய்தாலும், வாக்கு வாக்குதான் என்று காத்திருந்தார்கள்.

அபேக்கே பொப்பூலா பக்கம் திரும்பினாள்.

"இன்னும் இருபத்தாறு குடு."

பொப்பூலா சுற்றிலும் பார்த்தார். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது, மாண்புமிகுவும் திரும்பிப் பார்த்தார். ஒரு கட்டையும் உதிரியாகச் சிலதையும் எண்ணாமலே அவள் கையில் போட்டார். அவள் அங்கேயே நின்று எண்ணினாள், கூடுதலாக இருந்த நாலைத் திருப்பி லாரியில் வைத்தாள்.

வரிசைக்கு வந்து ரஷிதாத் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முதல் புத்தகத்தைத் திறந்து மாண்புமிகுவைக் கிழித்தாள், தையலோடு சேர்த்துச் சுத்தமாக. கிழித்த பிறகு இரண்டு கையாலும் நீட்டினாள். ரஷிதாத் அம்மா உடனே வாங்கவில்லை. அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு மூன்று விரலால் வாங்கிக்கொண்டாள். அடுத்தது, அதற்கடுத்தது. கிழித்த தாள்கள் சேரச் சேர ஒருத்தி அவற்றை எடுத்துக் கூம்பாகச் சுருட்டி, காய்ந்த மிளகாய்த் தூள் கேட்டு வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். மாண்புமிகு தொகுதி முழுக்க வீடு வீடாகப் போனார், மூக்கில் காரத்தோடு.

பிறகு ரஷிதாத் அம்மா கையை உயர்த்தினாள். இருபத்தேழு மோட்டாரும் நின்றன. விரல் போன வருடத்துக்குப் பிறகு அந்த வரிசையில் எல்லா மோட்டாரும் ஒன்றாக நின்றது அன்றைக்குத்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செய்தித்தாள் படிக்கிற குரலில் முதல் வரியைப் படித்தாள்.

அவள் கல்லுரலில் சாய்ந்து அமலா சாப்பிட்டாள், அமலா என்பது உலர்த்திய வள்ளிக்கிழங்கு மாவை வெந்நீரில் கிளறிச் செய்யப்படும் பழுப்பு நிறக் களி.

நிறுத்தினாள். மறுபடி ஒருமுறை மனசுக்குள் படித்தாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"இது யாருக்குடி சொல்ற? எனக்கா? நான் காலையில தின்னது என்னன்னு எனக்கே சொல்றியா?"

அபேக்கேக்கு முகம் எரிந்தது. லண்டனில் எழுதச் சொன்னார்கள் என்று சொல்லலாம், சொல்லவில்லை. போட்டது அவள் கைதான்.

"நான் வெட்டினேனே அம்மா, மஞ்சள் அட்டை. அதுல இந்த வரி இல்ல."

ரஷிதாத் அம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

"அப்போ எத வெச்சுக்கிட்டு எத வெட்டியிருக்கே, பாரு."

அபேக்கே பையிலிருந்து புரூஃப் பார்க்கிற சிவப்புப் பேனாவை எடுத்தாள். கையை நீட்டினாள், ரஷிதாத் அம்மா புத்தகத்தைக் கொடுத்தாள். 'சாப்பிட்டாள்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, மிச்சத்தை எழுத்துத் தெரியாதபடி அழுத்தி அடித்தாள். பிறகு அடுத்தவளின் புத்தகம். வாடிக்கையாளர்கள் மிளகாய்க் கூடையோடு வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், மோட்டாரைப் போடுங்கள் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. லாரி அரிசி தீர்ந்து கிளம்பிப் போனது. இருபத்தேழாவது புத்தகத்தில் பேனா மங்கிப்போய் இரண்டு தடவை கோடு போட வேண்டியிருந்தது.

ரஷிதாத் அம்மா தன் பிரதியைத் திரும்ப வாங்கி, சிவப்புக் கோடு காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள்.